எதிர்க்கத்தான் படித்தார்கள்... ஆனால்? குர்ஆன் ஐரோப்பாவுக்குப் போன கதை!

ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1,102 பாசுரங்கள். வைணவர்கள் அதை உரையோடு சேர்த்தே படிப்பார்கள். அந்த உரைகளில் புகழ்பெற்றது 'ஈடு முப்பத்தாறாயிரப்படி'. 13-ம் நூற்றாண்டில் நம்பிள்ளை சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்தார்.

குர்ஆனுக்கும் இதுபோல உரை மரபு உண்டு. அதன் பெயர் தஃப்சீர். ஐரோப்பியர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள்?

முதல் மொழிபெயர்ப்பு எப்போது?

1143-ல் கெட்டன் ஊர் ராபர்ட் குர்ஆனை லத்தீனில் எழுதி முடித்தார். கேட்டவர் குளூனி மடத்தின் தலைவர் பீட்டர். நோக்கம், இஸ்லாத்தை மறுப்பது. வரிக்கு வரி மொழிபெயர்ப்பு அல்ல இது. உரையில் உள்ள விளக்கத்தையும் மூலத்துக்குள்ளேயே கலந்துவிட்டார். எது வசனம், எது உரை? படிப்பவருக்குத் தெரியாது.

அச்சிட்டதற்கு ஜெயிலா?

ஆமாம். 400 ஆண்டுகள் கழித்து பாசல் நகரில் இதை அச்சிட முயன்ற ஒப்போரினஸ் சிறைக்குப் போனார். அவருக்காகப் பேசியவர் மார்ட்டின் லூதர்! 'எல்லோரும் படிக்கட்டும், அதுதான் இஸ்லாத்துக்குப் பெரிய அடி' என்பது அவர் கணக்கு. 1543-ல் புத்தகம் வந்தது.

திருப்புமுனை எது?

1698-ல் இத்தாலியின் பதுவாவில் லுடோவிகோ மராச்சி வெளியிட்ட பதிப்பு. இவரும் பாதிரியார், இவருக்கும் மறுப்பதே வேலை. ஆனால், அரபு மூலம், லத்தீன் மொழிபெயர்ப்பு, குறிப்புகள், மறுப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்தார். முஸ்லிம் அறிஞர்களின் உரைகளைத் தேடிப் படித்து மேற்கோளும் காட்டினார். மறுப்பை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வழி பிறந்தது. 1734-ல் ஜார்ஜ் சேல் தனது ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மராச்சியைத்தான் பெரிதும் நம்பினார். சேலின் பிரதி ஒன்றை தாமஸ் ஜெஃபர்சன் வாங்கினார். 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எலிசன், பதவியேற்பு நிகழ்வில் கை வைத்தது அந்தப் பிரதியின் மீதுதான்.

தமிழ்நாட்டில் இப்படி நடந்ததா?

நடந்தது. 1706-ல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, தமிழர்களிடமே கேள்வி கேட்டு, கடிதங்களாகப் பதில் வாங்கினார். அவற்றையும் தமிழ் நூல்களையும் வைத்து, தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி 1713-ல் ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியின் ஹாலேயில் இருந்த ஃபிராங்கே அதை அச்சிட மறுத்தார். 'அங்கே அனுப்பியது இந்த மதத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல' என்பது அவர் வாதம். நூல் அச்சானது 1867-ல், சென்னையில். 154 ஆண்டுகள் தாமதம்!

இப்போ நமக்கு என்ன?

மராச்சியும் சீகன்பால்கும் நடுநிலையாளர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் உழைப்பு நின்றதற்குக் காரணம், அந்த நூலைக் காலங்காலமாகப் படித்து வருபவர்களிடம் அர்த்தம் கேட்டதுதான். எந்த மத நூலிலிருந்தும் ஒற்றை வரி வாட்ஸ்அப்பில் வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: இதற்கு உரை என்ன சொல்கிறது?