குற்றமும் குற்றக் கணக்கும்

நம் நாட்டில் 1953 முதல் ஆண்டுதோறும் தொகுக்கப்பெறும் குற்றப் புள்ளிவிவரம், நிகழ்ந்த குற்றங்களை எண்ணுவதன்று. காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளையே எண்ணுவது. ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் சேர்ந்திருப்பின், கடுமை மிக்க கொலை மட்டுமே கணக்கேறும், கொள்ளை மறைந்துவிடும்! இலட்சம் மக்களுக்கு இத்தனை என வகுத்து ஆண்டுகளை ஒப்பிடுவர்.

2012இல் பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகள் 24,923. அடுத்த ஆண்டில் 33,707. ஓராண்டில் கொடுமை மூன்றிலொரு பங்கு பெருகிற்று எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்போம் நாம். 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அக்குற்றத்தின் வரையறையை விரித்தது. இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவல் அலுவலருக்குச் சிறைத்தண்டனையும் வகுத்தது. எண் உயர்ந்தால் நிலையத்துக்கு இழுக்கென அஞ்சியோர் அதற்குமுன் திருப்பியனுப்பிய பெண்கள் எத்துணையரோ! அவர்கள் 2012ஆம் ஆண்டின் ஏட்டில் இல்லை.