சாசவனே – லண்டன் – சாசவனே

நவி மும்பையின் நெருளிலிருந்து பன்வெல், பேண் வழியாக அலிபாக் போகிறவர்கள் கடற்கரையையும் கொலாபா கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். மாண்ட்வா படகுத்துறைக்கு அருகே சாசவனே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு சிற்பி வாழ்ந்த வீடே அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரு கலைஞனின் பாணி எப்படி உருவாகிறது என்பதை இந்த வட்டாரத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை.

விநாயக் பாண்டுரங் கர்மார்கர் 1891-ல் அங்கே பிறந்தார். அப்பா களிமண்ணில் பிள்ளையார் செய்பவர். அந்தத் தொழிலில் சுணக்கத்துக்கு இடமில்லை. சதுர்த்தி யாருக்காகவும் தள்ளிப்போகாது. கண்ணால் அளந்து விரலால் வழிக்கும் அந்த வித்தைதான் பையனுக்குக் கிடைத்த முதல் பயிற்சி. ஊர்க் கோயில் சுவரில் அவர் வரைந்த சிவாஜி படத்தைக் கண்ட ஆங்கிலேய அதிகாரி ஓட்டோ ராத்ஃபெல்ட், அவரை பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு அனுப்பிவைத்தார்.

ஜே.ஜே.யில் பாடம் வேறு. கிரேக்கச் சிலைகளின் வார்ப்புகளைப் பார்த்து வரைய வேண்டும். எலும்பும் தசையும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று படிக்க வேண்டும். பிறகு கல்கத்தாவில் தொழில், 1920 வாக்கில் லண்டன் ராயல் அகாடமியில் பயிற்சி.

இதே போன்ற பயணம் ரஷ்யாவிலும் நடந்திருக்கிறது. ஜரைஸ்க் என்ற சிறு நகரத்தில் காய்கறித் தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்த சிற்பி அன்னா கோலுப்கினா, 1897-ல் பாரிஸ் போய் பிரெஞ்சுச் சிற்பி ரோடானிடம் ஆலோசனை பெற்றார். ரோடானின் புகழ்பெற்ற மூதாட்டிச் சிலைக்கு அமர்ந்த அதே பெண்ணைத் தன் முன் உட்காரவைத்து, ‘முதுமை’ என்ற சிலையைத் தன் பார்வையில் செய்தார். குருவின் பொருளையே எடுத்துக்கொண்டு தன் வழியில் செய்யத் துணிந்தவர் அவர்.

கர்மார்கரின் துணிவு 1928-ல் புனேயில் தெரிந்தது. அங்கே சிவாஜி ராணுவப் பள்ளி வளாகத்தில் உள்ள குதிரைமீது அமர்ந்த சிவாஜி, அவர் செய்த மாபெரும் வெண்கலச் சிலை. அத்தனை எடையையும் குதிரையின் கால்கள் தாங்கும்படி அமைக்க, ஜே.ஜே.யும் லண்டனும் தந்த உடற்கூற்று அறிவு வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பொருள் எந்தப் பள்ளியும் கொடுத்ததல்ல. சிறுவனாகக் கோயில் சுவரில் வரைந்ததுதான் அது.

அவரை வெறுமனே ‘ஆங்கிலேயப் பாணிச் சிற்பி’ என்று ஒதுக்குவது நியாயமில்லை. சாசவனேயில் இருக்கும் மீனவப் பெண்ணையும் சங்கு ஊதும் உருவத்தையும் பார்த்தால் அது புரியும். தசைக்கணக்கு ஐரோப்பாவில் படித்தது. நிற்கும் தோரணையும் சேலைக்கட்டும் கொங்கண் கடற்கரையுடையவை.

சிமெண்டிலும் அவர் சிலைகள் செய்தார். வெண்கலம் வார்க்கப் பெரும்பணம் வேண்டும், பணம் போடுபவர் கேட்பது பெரும்பாலும் தலைவர்களின் சிலை. சிமெண்ட் மலிவு. யாரும் கேட்காத அண்டை வீட்டு மனிதர்களையும் அதில் வடிக்கலாம். 1962-ல் பத்மஸ்ரீ வந்தது. 1967-ல் அவர் மறைந்தார்.

பார்க்க நினைப்பவர்கள் முதலில் புனேக் குதிரையைப் பார்த்துவிட்டு சாசவனே போவது நல்லது. மும்பைப் பக்கமிருந்து வர, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு இருக்கிறது.