ஈ, தா, கொடு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்ட மலர்க்குழுவினர், "கிறிஸ்தவ சமயம் கொடையைப் பற்றி என்ன கூறுகிறது என எழுதுங்களேன்" என்று பொருளையும் அவர்களே தெரிவுசெய்து தந்தனர். எமது பாடசாலையிலே சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கின்றனர். ஆகவே இதனைச் சமயப் பிரசாரமென்று எவரும் கொள்ளவேண்டாம். ஊரிலே தமிழ் படிப்பித்தவன் ஆகையால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியலிலே ஒருவரிடம் ஒன்றை வேண்டிக் கேட்பதற்குரிய சொற்கள் மூன்று கூறப்படுகின்றன. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது 'ஈ' என்பான். ஒத்தவனிடம் கேட்கும்போது 'தா' என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்பதாயின் 'கொடு' என்பான். இக்காலத்தில் நாம் இந்த வேறுபாட்டைப் பேணுவதில்லை. ஆயினும் கேட்கும் சொல்லிலேயே கேட்பவனின் நிலை வெளிப்பட்டுவிடுகிறது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் கர்த்தருடைய செபத்திலே அன்றன்றைய உணவுக்காக ஒரு வேண்டுதல் உண்டு. தமிழில் அது 'தாரும்' என்ற சொல்லால் முடிகிறது. கடவுளிடம் மனிதன் கேட்கும்போது 'ஈயும்' என்றல்லவா இருக்கவேண்டும்? மொழிபெயர்த்தோர் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்த்து இச்சொல்லைத் தெரிந்தனர் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஒத்தவனிடம் கேட்கும் சொல் அங்கே அமைந்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

இனி வேதாகமத்திலே நான் பெரிதும் விரும்பும் கதைக்கு வருகிறேன். அது ரூத் என்னும் சிறிய நூலில் உள்ளது. பெத்லகேம் ஊரவளான நகோமி, பஞ்சத்தின் காரணமாகக் குடும்பத்தோடு மோவாப் நாட்டுக்குப் புலம்பெயர்ந்தவள். அங்கே கணவனையும் இரு மைந்தரையும் இழந்து, மருமகள் ரூத்துடன் ஊர் திரும்பினாள். மோவாபியப் பெண்ணாகிய ரூத்துக்குப் பெத்லகேம் அந்நிய நாடு. அப்போது வாற்கோதுமை அறுவடை தொடங்கியிருந்தது. இருவருக்கும் உணவு வேண்டும், கையிலோ ஒன்றுமில்லை.

அந்நாட்டிலே ஒரு சட்டம் இருந்தது. லேவியராகமத்திலும் உபாகமத்திலும் அதனைக் காணலாம். வயலை அறுப்பவன் ஓரங்களை முற்றாக அறுக்கலாகாது. சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது. மறந்து விட்டுவந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது. அவையெல்லாம் எளியவர்க்கும், விதவைக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், பரதேசிக்கும் உரியவை. (பிள்ளைகளே, 'பரதேசி' என்பதை வசைச்சொல்லாகவே நீங்கள் கேட்டிருப்பீர்கள். வேதாகமத்திலே அது பிறநாட்டிலிருந்து வந்து தங்கியவனைக் குறிக்கும் வெறும் பெயர். அவ்வகையில் உங்கள் ஆசிரியரும் பரதேசிதான்.) இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், வயலின் ஓரம் வயற்காரன் மனமிரங்கி இடும் பிச்சையன்று என்பதே. அது ஏழையின் பங்கு. அவன் ஒருவர் வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. தானே வந்து, தானே குனிந்து, தன் உழைப்பாற் பொறுக்கிச் செல்வான்.

ரூத் போவாஸ் என்பவனுடைய வயலுக்குச் சென்றாள். பொறுக்குவதற்கு அநுமதி கேட்டாளேயன்றி உணவு கேட்கவில்லை. அவள் யாரென விசாரித்து அறிந்த போவாஸ், ஒருவரும் அவளுக்குத் தொல்லை கொடுக்கலாகாது எனத் தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டான். தாகமெடுத்தால் அவர்கள் மொண்டுவைத்த நீரையே அவள் குடிக்கலாம் என்றான். உணவு வேளையிலே தன் ஆட்களோடு இருந்து உண்ணச் செய்தான். அதன்பின் அவன் செய்த காரியந்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டிய அரிகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிக் கீழே விடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று தன் ஆட்களுக்குச் சொன்னான். அன்று மாலை ரூத் அடித்துத் தூற்றியபோது ஏறக்குறைய ஒரு எப்பா, அதாவது இருபது லீற்றருக்கு மேற்பட்ட தானியம் சேர்ந்திருந்தது. அள்ளிக்கொடுக்க வசதியுள்ளவன் ஏன் சிந்திக்கொடுத்தான்? ஈ, தா, கொடு என்னும் மூன்றில் எதனையும் அவள் வாய் திறந்து சொல்ல நேரக்கூடாது என்பதனாற்போலும்.

காணிக்கை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஏழை விதவையின் கதையே. மாற்கு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் அது உண்டு. எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவிலான 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்தனவென்று யூதரின் பழைய நூலான மிஷ்னா கூறுகிறது. செல்வர்கள் மிகுதியாகப் போட்டனர். விதவையோ இரண்டு சிறு செப்புக் காசுகளைப் போட்டாள். அக்காலக் கூலியாளின் நாட்கூலி ஒரு தெனாரியம். அவ்விரு காசுகளும் அதில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. பத்து மணி நேர வேலை என்று கொண்டால் ஏறக்குறைய ஒன்பது நிமிட உழைப்பின் கூலி! அவளே எல்லோரிலும் அதிகம் போட்டாள், ஏனெனில் தன் சீவனத்துக்கிருந்த முழுவதையும் போட்டாள் என்று இயேசுநாதர் சீடருக்குச் சொன்னார்.

இதனைப் பிரசங்கங்களிற் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அதற்கு முந்திய வசனங்களைச் சேர்த்து வாசிப்போர் குறைவு. விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்யும் வேதபாரகரை அங்கே அவர் கண்டிக்கிறார். ஆகவே விதவையைப் புகழ்ந்த அவர், அவளுடைய கடைசிக் காசும் அப்பெட்டிக்குள் விழுவதைப் பார்த்து மகிழ்ந்தார் என்று நான் எண்ணவில்லை. கொடுப்பவரின் மனத்தை மட்டுமன்றி, வாங்குபவர் எப்படி வாங்குகிறார் என்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் எங்கள் அம்மா உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறொரு சிறு பானையில் இடுவார். பிடியரிசி என்போம். மாத முடிவில் அது ஆலயத்துக்குப் போகும். சைவ வீடுகளிலும் தருமங்களுக்காக இவ்வாறு பிடியரிசி சேர்த்ததுண்டு. இந்தியாவின் வடகிழக்கிலுள்ள மிசோரத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910ஆம் ஆண்டு முதல் இதே வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றனர். தம் மொழியில் 'புஃபாய் தாம்' என அழைப்பர். ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி ஒதுக்கி, அரிசியைத் திரட்டி விற்று, திருச்சபைப் பணிகளுக்குக் கொடுக்கின்றனர். இம்முறையில் ஒரு நயமுண்டு. அரிசிக் குவியலிலே எது யாருடைய பிடி என்று எவராலும் சொல்லமுடியாது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததைப் பெற்றோர் பலர் அறிவீர்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வீட்டுத் திண்ணையில் எமக்கு இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் எங்களிடம் அரிசி முடிந்துவிட்டது. அம்மா ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுப்பு மூட்டாததை வீட்டுக்கார அம்மா கண்டிருக்கவேண்டும். இரண்டு கொத்து அரிசியைச் சுளகிலே கொண்டுவந்து, "பிள்ளை, இதைக் கைமாற்றாய் வைச்சிரும். உம்மட கையிலே வரேக்கை திருப்பித் தாரும்" என்று சொல்லி வைத்துவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமலே போய்விட்டார். கொடுத்தவர் அவர், 'தாரும்' என்று கேட்டவரும் அவரே. 1996ஆம் ஆண்டு நாங்கள் ஊருக்குத் திரும்பிய பின்னர், அம்மா அரிசியோடு ஒரு கட்டு முருங்கைக்காயும் எடுத்துக்கொண்டு பேருந்தில் அங்கு சென்று கைமாற்றைத் தீர்த்து வந்தார்.

இந்நாட்டுக்கு நான் வந்த முதற் குளிர்காலத்தில் வேறுவிதமான கொடையையும் கண்டேன். ஓரிடத்தில் கம்பளிச் சட்டை வழங்கினார்கள். நல்ல சட்டை, இன்றும் அணிகிறேன். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு புன்னகைக்கும்படி சொல்லிப் படம் எடுத்தார்கள். அதனை என் பிள்ளைகள் ஒருநாள் எங்கேனும் காணக்கூடும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

இதையெல்லாம் இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. வழமையாக எமது ஆண்டு விழா மேடையிலே நன்கொடையாளரின் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். கொடுத்தவரைக் கனம்பண்ணுவதிற் பிழையில்லை. அவர்கள் இல்லாவிடில் இம்மண்டபத்துக்கு வாடகை கட்டமுடியாது. ஆயினும் சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி விழாவுக்கு வரவில்லை. நாட்டியத்துக்கு நன்கு பயின்றிருந்தவள். காரணம் கேட்டபோது, "அப்பாவின் பெயர் வாசிக்கமாட்டார்கள், சேர்" என்றாள். அவளுடைய தந்தையார் இரவு வேலை முடித்துவந்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலையில் எமது வகுப்பறைகளில் மேசை கதிரைகளை அடுக்கிவைப்பவர்.

தருமம் செய்யும்போது எக்காளம் ஊதுவிக்கலாகாது என்று இயேசுநாதர் கூறியதை மத்தேயு சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான் அதனை எடுத்துரைக்கவில்லை. மாணவியின் வார்த்தையை மட்டுமே சொன்னேன். சிறிது வாக்குவாதம் நிகழ்ந்தது. பின்னர் பொருளாளரே வழியும் சொன்னார். இவ்வாண்டு மேடையில் பெயர்கள் வாசிக்கப்படமாட்டா. மலரின் இறுதிப் பக்கங்களிலே, பணம் தந்தோர், சமைத்தோர், மேசை அடுக்கியோர் அனைவரின் பெயர்களையும் ஒரே பட்டியலாக அகர வரிசையிற் காண்பீர்கள். தொகை எதுவும் குறிக்கப்படவில்லை.