ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா?

பால் கேன் கட்டிப் போகிறவர், மீன் விற்கிறவர், துணி விற்கிறவர் என்று பலருக்கும் சைக்கிள்தான் துணை. மேடு ஏறினால் கால் கடுக்கும். அதனால் சிலர் பழைய எஞ்சினையோ மின்மோட்டாரையோ சைக்கிளில் பொருத்துகிறார்கள். வண்டி ஓடுகிறது. ஆனால் நினைத்த இடத்தில் நிற்குமா?

வேகமும் தூரமும்

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறோம். அதாவது நொடிக்கு 4 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. பார்த்து, பிரேக்கைப் பிடிக்க 1 நொடி ஆகிறது. அதற்குள் வண்டி 4 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின் 3 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 மீட்டர்.

இப்போது வேகம் 30 கி.மீ. பிரேக் பிடிப்பதற்குள் 8 மீட்டர் போய்விடும். அதே பிரேக்கில் நிற்க இன்னும் 12 மீட்டர் வேண்டும். மொத்தம் 20 மீட்டர். வேகம் 2 மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் 4 மடங்காகும். சுமை ஏறினால் பிரேக்கின் வேலை இன்னும் கூடும்.

செயினில் பிரேக் வைக்கலாமா?

சிலர் எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தில் பிரேக் வைக்கிறார்கள். அங்கே பிடித்தால் செயின் வழியாகப் பின்சக்கரம் நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். இதில் இரண்டு ஆபத்து உண்டு.

ஒன்று, செயின் அறுந்தாலோ கழன்றாலோ பிரேக்கும் போய்விடும்.

இரண்டு, பின்சக்கரத்தில் பிரீவீல் இருந்தால் அந்த பிரேக் வேலையே செய்யாது. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடுகிறது அல்லவா? அதுபோலவே செயின் நின்றாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பிரேக் சக்கரத்திலேயே இருக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும்.

எந்த பிரேக் நல்லது?

சாதாரண சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மை அழுத்தும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும். டிரம் பிரேக்கில் கட்டைகள் மூடிய டிரம்முக்குள் இருக்கும். எளிதில் நனையாது. 1972-இல் வந்த லூனா மொபெட்டில் மிதியும் உண்டு, எஞ்சினும் உண்டு. அதிலும் டிரம் பிரேக்தான் இருந்தது.

டிரம் பிரேக்கின் தட்டில் ஒரு பிடிகம்பி இருக்கும். அதைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் பிரேக் பிடிக்கும்போது தட்டும் சேர்ந்து சுற்றும், கேபிள் அறுந்துபோகும். முன்ஃபோர்க்கில் விரிசலோ துருவோ இருக்கக் கூடாது. இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

மின்மோட்டார் வண்டி என்றால், பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும்படி லீவரில் ஒரு சுவிட்ச் வைக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 25 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் வைத்த சைக்கிளும் மோட்டார் வாகனமே. பதிவு, உரிமம், காப்பீடு ஆகியவை தேவை. மின்மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால் விதிவிலக்கு உண்டு. அதற்கும் தகுந்த பிரேக் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

தினமும் பார்ப்போம்

1. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்காகப் பிடியுங்கள். அந்தச் சக்கரம் நிற்கிறதா?
2. லீவர் கைப்பிடியைத் தொட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது. முடுக்குங்கள்.
3. கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள்.
4. ஓடும்போது முதலில் வேகத்தைக் குறையுங்கள். பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் வண்டி குப்புறத் தள்ளிவிடும்.

எஞ்சின் பழுதானால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேரலாம். பிரேக் பழுதானால் வீடு சேர்வதே சந்தேகம். எனவே முதலில் பிரேக், பிறகு எஞ்சின்.