வானம் வெள்ளை, முகம் கறுப்பு... கோயில் போட்டோ ஏன் இப்படி வருது? டாட்ஜ், பர்ன் செய்வது எப்படி?

காலை நேரம். திருவானைக்காவல் மேற்கு கோபுரத்துக்கு முன்னாடி அம்மாவை நிக்க வெச்சு போட்டோ எடுக்கிறீங்க. சூரியன் கோபுரத்துக்குப் பின்னால். படத்தில் வானம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருக்கும், அம்மா முகம் கறுத்திருக்கும். பிரைட்னஸை ஏத்தினால் முகம் தெரியும், கூடவே வானம் இன்னும் வெளுக்கும்.

இதற்குத்தான் டாட்ஜ், பர்ன். படம் முழுவதையும் தொடாமல், ஒரு இடத்தை மட்டும் வெளிச்சமாக்கினால் டாட்ஜ், இருட்டாக்கினால் பர்ன்.

பெயர் எங்கிருந்து வந்தது?

டார்க்ரூமிலிருந்து. நெகட்டிவ் வழியாக போட்டோ பேப்பரில் ஒளி விழும். அதிகம் விழுந்த இடம் கறுக்கும். சிறு அட்டையால் ஒளியை மறைத்தால் அந்த இடம் வெளுப்பாக வரும். போட்டோஷாப்பில் டாட்ஜுக்கு குச்சி மிட்டாய் போல ஒரு படம் இருக்குமே, அது அந்த அட்டைதான்!

திருச்சியில் 1858-லேயே இதே சிக்கல்

சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் லின்னேயஸ் டிரைப் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்து, 1858-ல் ஆல்பங்களாக வெளியிட்டார். அன்றைய நெகட்டிவ் நீல ஒளியை வேகமாகப் பிடிக்கும். கட்டடம் சரியாகப் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். அதனால் டிரைப் தன் நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகையால் மேகமும் இலைகளும் வரைந்தார். இருந்த வெளிச்சத்தை சரிசெய்தது மட்டுமல்ல, இல்லாத மேகத்தையும் சேர்த்துவிட்டார்.

செய்திப் படத்தில் இந்த வித்தியாசம் பெரிய விஷயம். எதையும் புதிதாக சேர்க்காமல், வெறுமனே இருட்டாக்கினாலே வம்புதான். ஓ.ஜே. சிம்ப்சன் கைதானபோது போலீஸ் எடுத்த படத்தை 1994 ஜூன் 27 தேதியிட்ட டைம் இதழ், தோல் கறுத்துத் தெரியும்படி அட்டையில் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் அப்படியே போட்டதால் கடையில் ரெண்டையும் பக்கத்துல பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்துபோனது. கண்டனம் கிளம்பியது.

மொபைலில் எப்படி?

முதல் வேலை எடுக்கும்போதே. திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க. முழுசா வெளுத்துப்போன வானத்தை பர்ன் செய்தால் நீலம் வராது, அழுக்கு சாம்பல்தான் வரும். இருட்டில் ஒளிந்திருக்கும் முகத்தை ஓரளவு மீட்கலாம். ஸ்னாப்சீடில் பிரஷ் எடுத்து, குறைந்த அளவில், ரெண்டு மூணு தடவை தடவுங்க. ஒரேயடியா ஏத்தினால் புள்ளி புள்ளியா வரும்.

நம்ம ஊர் கல்யாண ஆல்பங்களில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமா இருக்குமே, அது டாட்ஜ் எல்லை தாண்டிய கதை. எங்க வீட்டு ஆல்பத்திலேயே ஒரு சித்தியை வளையலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கணும்!

அம்மா போட்டோவை சேவ் பண்ணும் முன் அவங்க கையைப் பாருங்க. ஒரே வெயிலில் இருக்கும் கையைவிட முகம் வெளுப்பா இருந்தால், ரெண்டு படி பின்னால் வாங்க.