‘ஆம்’ இழந்த செய்தி: வாட்ஸ்அப் குழுக்களும் உறவுவழி நம்பகமும்

ஆய்வுச்சுருக்கம்

பிறரிடம் கேட்டறிந்ததைச் சொல்லும்போது தமிழர் ‘ஆம்’ என்னும் ஒட்டைச் சேர்த்துப் பேசுகின்றனர். வாட்ஸ்அப்பில் முன்னனுப்பப்படும் செய்தியில் இவ்வொட்டு இடம்பெறுவதில்லை. அனுப்பியவரின் உறவுநிலையே செய்திக்குச் சான்றாகிவிடுகிறது. 2018இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் நிகழ்ந்த கொலையை முன்வைத்து இம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இணையவழி ஊடாட்டம், வாட்ஸ்அப், உறவுமுறை, வதந்தி, பேச்சுத்தமிழ்.

முன்னுரை

இணையவழி ஊடாட்டம் உறவுகளைச் சிதைக்கிறது என்பாரும் வளர்க்கிறது என்பாரும் உளர். இரு சாராரும் இணையத்தைச் சமூகத்திற்குப் புறத்தேயிருந்து வந்த ஆற்றலாகவே கருதுகின்றனர். களஆய்வு காட்டுவது வேறு. சென்னையின் தென்புறத் தகவல் தொழில்நுட்ப வளாகத்தை ஒட்டிய ஊர்களில் பதினைந்து மாதங்கள் தங்கி ஆய்ந்த ஸ்ரீராம் வெங்கட்ராமன், அப்பகுதிக்குப் ‘பஞ்சகிராமி’ எனப் புனைபெயரிட்டுத் தம் முடிவுகளை 2017இல் நூலாக வெளியிட்டார். குடும்பம், சாதி, வர்க்கம், வயது ஆகிய பழைய பிரிவுகளின் வழியாகவே அம்மக்கள் சமூக ஊடகத்தைக் கையாள்கின்றனர் என்பது அவருடைய முதன்மையான கண்டறிதல்களுள் ஒன்று. இரத்த உறவில்லாத இணைய நண்பரையும் அண்ணன், அக்கா என விளிக்கும் வழக்கத்தையும் அவர் பதிவுசெய்துள்ளார். உறவுமுறை இணையத்திற்குள் இவ்வாறு குடிபுகும்போது, உறவின்மீது வைக்கும் நம்பிக்கையும் உடன்செல்கிறது. அந்நம்பிக்கைக்கு அங்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு எழும் வினா.

சொன்னவர் யார்?

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையைப் போன்ற ஏரியூர்களில் செய்தி பரவ நெடுங்காலமாக இருவழிகள் இருந்தன. ஒன்று தண்டோரா. ‘இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்’ என்று தொடங்கும் அவ்வறிவிப்பு யாருடைய ஆணை என்பது கேட்போர்க்குத் தெரியும். (இவ்வழக்கத்தைப் போற்றிப் பேச இடமில்லை. பறையடித்து அறிவிக்கும் பணி குறிப்பிட்ட சாதியார் மீது சுமத்தப்பட்டிருந்தது. இதனைக் கைவிடுமாறு 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்.) மற்றொன்று திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் நிகழும் வாய்மொழிப் பேச்சு.

வாய்மொழிப் பேச்சுக்கு ஆணையின் அதிகாரம் இல்லை. ஆயினும் அதற்கென ஒரு காப்பு உண்டு. ‘ஏரி உடைந்துவிட்டது’ என்பவன் கண்டவன். ‘ஏரி உடைந்துவிட்டதாம்’ என்பவன் கேட்டவன். ‘ஆம்’ என்னும் இச்சிற்றொட்டு இரு பணிகளைச் செய்கிறது. செய்தியின் உண்மைக்குத் தாம் பொறுப்பல்லர் என்று சொல்பவரை விடுவிப்பது ஒன்று, ‘யார் சொன்னது?’ என்று கேட்பவர் வினவுவதற்கு இடமளிப்பது மற்றொன்று. அவ்வினாவில் அவமதிப்பில்லை. பெரியப்பாவிடம் தம்பி மகனும் அதனைத் தயங்காமல் கேட்கலாம். ஏனெனில், ஐயம் பெரியப்பாவின்மீது அன்று, அவருக்குச் சொன்னவர்மீதே.

முன்னனுப்புதல் இதனை மாற்றுகிறது. பொத்தானை அழுத்துபவர் செய்தியைத் தம் வாயால் மீண்டும் சொல்வதில்லை. பிறர் எழுதிய வாக்கியம் எழுதியவாறே கைமாறுகிறது. முதலில் எழுதியவர் ‘பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தால், நூறாவது கைக்கும் அது ‘வந்துவிட்டார்கள்’ என்றே சேரும். ‘வந்துவிட்டார்களாம்’ ஆவதில்லை. எத்தனை கை மாறினும் அது முதற்சாட்சியின் கூற்றாகவே நிற்கிறது. அதே வேளையில் திரையின் மேற்புறம் தெரியும் பெயர் பெரியப்பாவினுடையது. 2018 ஜூலைக்கு முன்னர், முன்னனுப்பப்பட்ட செய்தி என்னும் குறிப்புக்கூட வாட்ஸ்அப்பில் இல்லை. ஆகவே, பெரியப்பாவே கண்டு எழுதியது எது, அவருக்கு வந்து சேர்ந்தது எது எனப் பிரித்தறியச் செய்தியின் வடிவத்தில் வழியே இல்லை.

போளூர் நிகழ்வு

விழுப்புரத்தை அடுத்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, 2018 மே 9 அன்று இதன் விலை தெரிந்தது. குழந்தை கடத்தும் வடமாநிலக் கும்பல்கள் நுழைந்துள்ளதாகக் குறுஞ்செய்திகளும் காணொளிகளும் குரல்பதிவுகளும் வடதமிழ்நாட்டு மாவட்டங்களில் அப்போது சுற்றிக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அறுபத்தைந்து வயதான பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் திரண்டு தாக்கியது. அவர் இறந்தார்; உடன் வந்தோர் காயமுற்றனர். அவ்வாண்டில் இந்தியாவின் பல மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன.

தாக்கியவர்களை எளிதில் ஏமாறும் கூட்டம் என்று ஒதுக்கிவிடுவது விளக்கமாகாது. அச்செய்தியை முன்னனுப்பிய பலர், சித்தியும் அத்தையும் உட்பட, தம் வீட்டுப் பிள்ளைகளைக் காக்கும் அக்கறையாலேயே அனுப்பினர் எனக் கருத இடமுண்டு. ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் களஆய்வு செய்த மாலினோவ்ஸ்கி, தகவல் தருவதைவிட உறவைப் பேணுவதையே பணியாகக் கொண்ட பேச்சை 1923இல் தனிவகையாகப் பிரித்துக் காட்டினார். நம் ‘சாப்பிட்டாச்சா?’ அவ்வகையினது. நாள்தோறும் குழுக்களில் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும் அவ்வகையினவே. ‘பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்னும் எச்சரிக்கைச் செய்தியும் அனுப்புபவர் மனத்தில் இவ்வகையில்தான் அமைகிறது; அது உறவுக்குச் செய்யும் ஒரு முறை. பெறுபவருக்கோ அது தகவல். ஒரே செய்தி ஒரு முனையில் அன்பாகவும் மறுமுனையில் சான்றாகவும் பொருள்படுவதே இங்குள்ள இடர்ப்பாடு.

மறுப்பின் கடினம்

பொய்ச் செய்தியை மறுக்கும் ஆற்றல் பெரும்பாலும் குடும்பத்தின் இளையோரிடம் உள்ளது. மறுக்கும் உரிமை அவர்களிடம் இல்லை. நேரில் என்றால் பெரியவரைத் தனியே கண்டு பக்குவமாகச் சொல்லலாம். குழுவிலோ பங்காளிகளும் சம்பந்திகளும் ஒருசேரக் கூடியிருக்கும் அவையில்தான் ‘இது பொய்’ என்று எழுத வேண்டும். அங்குச் செய்தியோடு சொன்னவரும் பொய்யராகிறார். ‘ஆம்’ அளித்த காப்பு அவருக்கும் இல்லை. மௌனமாயிருக்கலாமெனில், படித்ததைக் காட்டிக்கொடுக்கும் நீலக்குறி 2014 முதல் உள்ளது. குழுவிலிருந்து விலகலாமெனில், 2022 வரை அவ்விலகல் அனைவர் திரையிலும் அறிவிக்கப்பட்டது. உறவினர் குழுவில் அது பந்தியில் கைநனைக்காமல் எழுந்து போவதற்கு ஒப்பானது. எனவே பலர் படித்தும் பேசாதிருக்கின்றனர். பேசாதிருத்தல் உடன்பாடாகக் கொள்ளப்படுகிறது.

நிறுவனம் கண்ட தீர்வுகள் இப்பின்னணியில் நோக்கத்தக்கவை. 2018 ஜூலையில் முன்னனுப்பியதைக் காட்டும் குறிப்பு அறிமுகமாயிற்று. அதே மாதம் இந்தியாவில், ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வரம்பு அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் விரிந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்றாயிற்று. இதனால் அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் தெரிவித்தது. இவற்றுள் மொழியியல் நோக்கில் முதன்மையானது அச்சிறு குறிப்பே. அது இழந்த ‘ஆம்’ என்பதைப் பொறிவழியே மீட்கும் முயற்சி. ஆயினும் முழு ‘ஆம்’ ஆகாது. பேசுபவர் தாமே சேர்க்கும் ஒட்டில் அவருடைய ஐயமும் அடக்கமும் தொனிக்கும். பொறி ஒட்டும் குறிப்பு திருமண அழைப்பிதழிலும் வதந்தியிலும் ஒன்றுபோலவே ஒட்டிக்கொள்கிறது. அதனால் விரைவில் கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது.

உண்மை சரிபார்க்கும் பயிற்சிகள் பெரும்பாலும் செய்தியை ஆராயக் கற்பிக்கின்றன. பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை அவை கற்பிப்பதில்லை. முன்னனுப்பும்போது ‘இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறதாம், யாருக்காவது தெரியுமா?’ என ஒரு வரி சேர்ப்பது தமிழில் எளிது. அனுப்புபவரின் மதிப்பும் அதனால் குறையாது. இவ்வழக்கம் எக்குழுக்களில், எவ்வயதினரிடையே தானாகவே நிலவுகிறது என்பது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க ஆய்வு. குரல்பதிவுகளைத் தனியே ஆராய வேண்டும். எழுத்துக்கு நம் மொழியில் நெடுங்காலமாக ஒரு தொலைவு உண்டு. குரலுக்கு அது இல்லை. முகமறியாத ஒருவரின் ‘நானே பார்த்தேன்’ என்னும் கூற்று, பேச்சின் பதற்றம் முழுவதும் தாங்கி, அத்தையின் பெயரில் வந்து சேரும்போது அதைக் கேட்பவர் யாருடைய குரலை நம்புகிறார் என்பது இன்னும் விடை காணப்படாத வினா.