அடுப்படிப் புகையும் தாய்மாரின் மூச்சும்



மார்கழி, தை மாதங்களில் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு மூச்சுத்திணறலோடு வருகிற தாய்மார்கள் அதிகம். பெரும்பாலோர் ஐம்பது, அறுபது வயதுள்ளவர்கள். நாலு எட்டு நடந்தாலே இளைப்பு வந்துவிடுகிறது. இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைக்கிறார்கள். சிலருக்குக் காலும் வீங்கியிருக்கும். "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா அம்மா?" என்று கேட்டால், "ஐயோ, அதெல்லாம் கையால் தொட்டதில்லை" என்பார்கள்.

பல ஆண்டுகளாக நாங்கள் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டோம். சீட்டில் "ஆஸ்துமா" என்று எழுதி, மருந்து கொடுத்து அனுப்பினோம். "எதில் சமைக்கிறீர்கள்?" என்ற அடுத்த கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறோம். சீமைக் கருவேல விறகு, பனை மட்டை, பருத்திமார், எரு வராட்டி என்று பதில் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஊதுகுழலைக் கையில் எடுத்தவர்கள், நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் அடுப்பின் முன் குனிந்து அந்தப் புகையைச் சுவாசித்திருக்கிறார்கள்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. இந்தியாவின் முதல் பெண் இருதய மருத்துவரான டாக்டர் எஸ். பத்மாவதி (1917–2020) டில்லியில் பணியாற்றியபோது, நுரையீரல் நோயினால் இருதயத்தின் வலப்பக்கம் பழுதடைந்த நோயாளிகளைப் பற்றி 1959-லிருந்து தொடர்ந்து எழுதினார். ஆண்களில் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள், பெண்களில் மிகச் சிலரே அப்படி. ஆயினும் இந்நோய் இருபாலாரிடமும் ஏறக்குறைய சமமாகக் காணப்பட்டது. பெண்களுக்கு ஆண்களைவிட இளவயதிலேயே வந்தது. வீட்டுக்குள் எரியும் அடுப்பின் புகையே இதற்குக் காரணம் என்று 1976-ல் வெளியான ஆய்வில் அவரும் உடன் பணியாற்றியோரும் சுட்டிக்காட்டினார்கள்.

புகை என்ன செய்கிறது?

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கோடிக்கணக்கில் உள்ளன. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஆனால் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், அதாவது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்குகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளிச் சுத்தம் செய்கிற நுண்ணிய இழைகள் உண்டு. நாள்தோறும் புகை பட்டால் அவை செயலிழக்கின்றன. சளி தேங்குகிறது, குழாய் வீங்கிச் சுருங்குகிறது, காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. கெட்டுப்போன நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ள இருதயத்தின் வலப்பக்கம் மிகவும் சிரமப்பட்டுக் களைத்துவிடுகிறது. கால் வீங்குவது அதனால்தான்.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கருவுற்ற தாய் அதைச் சுவாசித்தால், வயிற்றிலுள்ள குழந்தைக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறைகிறது. தாயின் மடியிலிருந்தே புகையைச் சுவாசிக்கும் கைக்குழந்தைக்கு நிமோனியா எளிதில் பற்றுகிறது. கண்புரைக்கும் புகைக்கும் தொடர்பு உண்டு.

ஒரு நாளின் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்துகள் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வரையறுத்தது. சன்னல் இல்லாத சமையலறையில் விறகு எரியும் நேரத்தில் அது பல நூறாகும், சில வேளை ஆயிரத்தையும் தாண்டும். வீட்டுப் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

காஸ் வந்துவிட்டதே?

இப்படி நீங்கள் கேட்பது நியாயமே. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பத்துக் கோடிக்கும் மேலான ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பு கிடைத்துள்ளது. அது பெரும் நன்மை. ஆனால் எங்கள் கிராம சுகாதாரப் பணியாளர்கள் பல வீடுகளில் காண்பது வேறு. காஸ் அடுப்பு மேடையில் பளபளவென்று இருக்கிறது, காப்பி போட மட்டும் பயன்படுகிறது. சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் விறகடுப்புத்தான். சிலிண்டரை மறுபடி நிரப்பக் கூலிக்காரக் குடும்பத்திடம் ஒரே சமயத்தில் அவ்வளவு பணம் இருப்பதில்லை. விறகு காட்டில் சும்மா கிடைக்கிறது.

மருந்துக்கும் எல்லை உண்டு. இன்ஹேலர் இளைப்பைக் குறைக்கும், ஆனால் சிதைந்த காற்றறையைத் திரும்பக் கட்டாது. ஒரு வாரம் வார்டில் வைத்துத் தேற்றி அனுப்பிய தாய், மறுநாள் காலையில் அதே அடுப்பின் முன்தான் உட்காருகிறார். ஆகவே வைத்தியம் அவருடைய சமையலறையிலும் நடக்கவேண்டும் என்று உணர்ந்தோம்.

எங்கள் பணியாளர்கள் வீடு வீடாகச் சொல்லிக்கொடுப்பவை எளியவை:

பச்சை விறகு வேண்டாம், நன்றாகக் காய்ந்ததே வேண்டும்.

அடுப்பைப் பற்றவைக்க பிளாஸ்டிக் பையைக் கொளுத்தக் கூடாது. அந்தப் புகையில் கொடிய நச்சு உண்டு.

அரிசி, பருப்பை முன்னதாக ஊறவைத்து, மூடி போட்டுச் சமைத்தால் எரியும் நேரம் குறையும்.

சன்னலைத் திறந்து வையுங்கள். புகைபோக்கி கூரைக்கு மேல் உயரட்டும். அதன் கரியை அவ்வப்போது தட்டுங்கள்.

வெந்நீர் அடுப்பு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். கைக்குழந்தையை அடுப்படியில் வைத்திருக்கவேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், புகைதான் காரணம் என்று விட்டுவிடாமல் காசநோய்க்கும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இவை புகையைக் குறைக்கும், முற்றிலும் போக்காது. நுரையீரலைக் காப்பது புகையில்லாத அடுப்பே. ஆகவே ஒரு குடும்பம் மாதந்தோறும் சிலிண்டர் நிரப்ப இயலும்படி, சிறுகச் சிறுகச் சேமிக்கும் மகளிர் குழுக்களை ஊக்குவிக்கிறோம். உங்கள் காணிக்கை மருந்துக்கும் படுக்கைக்கும் செலவாவதை அறிவீர்கள். சுகாதாரப் பணியாளர் அந்த வீட்டு வாசற்படி ஏறுவதும் அதனால்தான்.

உங்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம். அடுத்த அசனத்தின்போது, பந்தலுக்குப் பின்னால் பெரிய அடுப்புகளின் அருகே நிற்பவர்களைப் போய்ப் பாருங்கள். கண்ணைத் துடைத்தபடி இருமுகிற அம்மா ஒருவர் அங்கே இருந்தால், எத்தனை நாளாக இருமல் என்று விசாரியுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய அந்தக் கேள்வியையும் அவரிடம் கேளுங்கள். பிறகு எங்களிடம் அழைத்து வாருங்கள்.